வலயம் என்று எழுதினேன்

துறைமுகப் பக்கம் போகும் எங்கள் கடைத்தெருவில் வியாபாரம் படுத்துவிட்டது. வாய்க்கால் நாறும். பாதி விளக்கு எரியாது. வெயிலுக்கு ஒதுங்க இடமில்லை. நகரசபையைப் பார்த்துக் களைத்த கடைக்காரர்கள், ஆளுக்கொரு பங்கு போட்டுத் துப்புரவு, விளக்கு, நிழல் எல்லாவற்றையும் தாங்களே பார்ப்பதென்று முடிவெடுத்தார்கள். வெளிநாட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்று வாசித்துச் சொன்னவன் நான். எழுத்துவேலையும் என் தலையில் விழுந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். எழுத்தென்றால் கனமாக இருக்கவேண்டும் என்ற நினைப்பு. 'வணிக மேம்பாட்டு வலயம்' என்று தலைப்பிட்டு, தெருவின் படம் கீறி, எல்லைக்குச் சிவப்புக் கோடும் போட்டு, புடவைக்கடைச் சுவரில் ஒட்டினேன்.

அடுத்த நாள் காலை, தெருமுனையில் கருவாடு விற்கும் அக்கா தன் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தா.

"எங்க அக்கா வெளிக்கிட்டாச்சு?"

"நீங்கள்தானே தம்பி வலயம் எண்டு ஒட்டினனீங்கள். எங்கட ஊரிலயும் முந்தி ஆமிக்காரர் பாதுகாப்பு வலயம் எண்டு சொல்லித்தான் எழுப்பினவங்கள். உடுத்த உடுப்போட வெளிக்கிட்டனாங்கள். இந்த முறை சாமானையாவது கொண்டுபோவம்."

புடவைக்கடை முதலாளி, கிண்ணியாக்காரர், வாசலில் நின்று சிரித்தார். "இந்தத் தம்பிக்குப் பயந்தா ஓடுறீங்க? அவர்ர செருப்பே அறுந்து கிடக்கு!"

அக்கா சிரிக்கவில்லை.

"இது அந்த வலயம் இல்லை அக்கா. ஒருத்தரையும் எழுப்பமாட்டம்" என்றேன்.

"அப்ப, படத்தில என்ர இடத்தைக் காட்டுங்கோ."

சுவரடிக்குப் போய்ப் படத்தில் விரல் வைத்துத் தேடினேன். புடவைக்கடை, மருந்துக்கடை, முனை. முனையில் ஒரு பூச்சாடி. வடிவாக இருக்கட்டும் என்று நான்தான் கீறினேன். தினமும் அவவைக் கடந்துதான் போய்வருகிறேன்.

சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டா என்று நினைத்திருந்தேன். அவ விளங்கியது சரி. அவவை எழுப்ப யாரும் வந்து அதட்டத் தேவையில்லை. ஒரு சாடியைக் கொண்டுவந்து வைத்தால் போதும்.

"ஒரு நாள் பொறுங்கோ அக்கா" என்று கேட்டுக்கொண்டு, அன்று பின்னேரமே கடைக்காரர்களைக் கூட்டினேன். கருவாட்டு மணத்துக்கு ஆக்கள் வரமாட்டார்கள் என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நிலாவெளி பஸ்ஸுக்கு நிக்கிற சனம் இந்தத் தெருவுக்குள்ள வாறதே அவட கருவாட்டுக்குத்தான்" என்றார் புடவைக்கடை முதலாளி. "பூச்சாடி பார்க்க ஆரு வாற?"

கடைசியில் மருந்துக்கடைக்காரரும் ஓம் என்றார், பெட்டிகளுக்கு மூடி போடவேண்டும் என்ற நிபந்தனையோடு. நிழல்கூரை முனைவரை நீளும். அக்காவும் ஒரு பங்குக்காரி. தலைப்பை மாற்றி 'எங்கட தெரு' என்று எழுதி, பூச்சாடி இல்லாமல் புதுப் படம் கீறினேன்.

அதை அவவிடம் கொண்டுபோனேன். அக்கா முனையில் விரல் வைத்துப் பார்த்தா.

"ஒரு பெட்டிதானே கிடக்கு. நான் மூண்டு வைக்கிறனான்."

அங்கேயே குந்தியிருந்து மற்ற இரண்டையும் கீறினேன்.