தலைச்சன் பிறந்த வீடு

மருதம்மாக்காவ யாராச்சும் பொய்க்காரின்னு சொன்னா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும். பொய் சொன்னா, இல்லேங்கல. எந்தப் பொம்பள சொல்லல? அந்தப் பொய்ய வச்சே அவ மகனக் கப்பலேத்தினாங்களே, அதப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

எங்க ரப்பர்த் தோட்டம் பினாங்குக்கு வடக்கால, புக்கிட் செலம்பாவ் பக்கம். லயத்து வரிசையில எனக்கு அடுத்த வீடு அவளோடது, நடுவுல ஒரு பலகைதான். நான் கல்யாணமாகி வந்த புதுசுல, செர்டாங் பக்கத்துத் தோட்டத்துலேருந்து புருஷனோட வந்து சேந்தா. இடுப்புல ரெண்டு வயசுப் பக்கிரிசாமி. குழாயடியில பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? "தலைச்சன் பேறு எங்க பாத்தே?"ன்னு கேட்டாங்க. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகலேன்னா அவ நாதியத்தவன்னு அர்த்தம். நாளைக்கு ஒரு சண்டைன்னா அதச் சொல்லியே நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க. மருதம்மாக்கா நிமிந்து பாத்து, "எங்கம்மா வீட்லதான், ஒரத்தநாட்டுப் பக்கம். கப்பல்ல போயிப் பெத்துக்கிட்டு வந்தேன்"னா.

அன்னிக்கு ஆரம்பிச்சது. ஒரு அண்ணன்னா, அப்புறம் மூணுன்னா, கடைசியில ஏழுல வந்து நின்னுச்சு. பெரிய மாமன் வெள்ளி அரைஞாண் போட்டானாம், சின்ன மாமன் தொட்டில் கட்டினானாம். அந்த மாமன்களச் சொல்லித்தான் பக்கிரிக்குச் சோறே ஊட்டினா. அவனும் நம்பினான், நானும் நம்பினேன்.

அவ புருஷன ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனான். திரும்பல. செர்டாங் தோட்டத்துலேருந்து போன பழைய ஆளுங்களும் திரும்பல.

ஜப்பான்காரன் போனப்புறம் பக்கிரி யூனியன்ல சேந்தான். கள்ளுக்கடை வாசல்ல நின்னு, "அண்ணே, வீட்டுக்குப் போங்க"ன்னு ஒவ்வொருத்தனையும் கையப் புடிச்சுத் திருப்பி அனுப்பினான். வேலைக்குப் போறவங்க விட்டுட்டுப் போற புள்ளைங்களுக்கு ஆயாக் கொட்டகையில பால் ஊத்தணும்னு தொரை முன்னால நின்னு பேசினான், ஊத்தவும் வச்சான். அப்பல்லாம் என்னா கொண்டாட்டம்! தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு லயத்தச் சுத்தினாங்க.

நாப்பத்தெட்டுல வெள்ளக்காரன் எமர்ஜென்சி போட்டான். யூனியன்ல இருந்தவனெல்லாம் கம்யூனிஸ்ட்டுன்னாங்க. காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு நிக்கையில மாத்தா-மாத்தா, அதான் போலீஸ்காரனுங்க, லாரியில வந்து பக்கிரியப் புடிச்சிட்டுப் போனானுங்க. "எங்கடா பொறந்தே?"ன்னு கேட்டிருக்கானுங்க. அவன் கம்பீரமா, "ஒரத்தநாட்டுப் பக்கம், எங்க தாய்மாமன் வீட்ல"ன்னிருக்கான். அப்ப இந்தியாவுக்கே நாடு கடத்திடலாம்னு முடிவு பண்ணிட்டானுங்க.

லயத்துல பேசின பேச்சக் கேக்கணுமே! "ஊருக்குத்தானே அனுப்புறாங்க, தூக்குலயா போடுறாங்க?" "ஏழு மாமன் இருக்கான், ராஜா மாதிரி இருப்பான்லா." அம்மாசி இருக்கானே, பொண்டாட்டியப் போட்டு மிதிச்சிக்கிட்டிருந்தவன், பக்கிரி புண்ணியத்துல குடிய விட்டவன், அவனே சொல்றான்: "நமக்கு யாரு காசில்லாமக் கப்பல் குடுக்கப் போறா?" தூ! அந்த வாயில அப்பவே மண்ண அள்ளிப் போட்டிருக்கணும் நான். பயம் ஒரு பக்கம் இருந்துச்சு, சரி. பயந்தவன் பேசாம இருக்க வேண்டியதுதானே, எதுக்கு இளிக்கணும்?

மருதம்மாக்கா தோட்டத்து ஆபீசுக்கு ஓடினா. நானும் கூடப் போனேன். அங்க கணக்கெழுதுற செல்வரத்தினம் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவரில்ல. "இந்த நாட்டில பிறந்தவனெண்டால் விடுறதுக்கு வழியிருக்குதாம். ஆனா அதை ஆராவது கண்டவை வந்து சொல்லோணும் அம்மா"ன்னார்.

அப்படியே அவர் மேசை முன்னால உக்காந்துட்டா. "ஐயா, அவன் செர்டாங்ல பொறந்தான். எனக்குத் தாய்வீடே கெடையாது. அஞ்சு வயசுல எங்கம்மா கூடக் கப்பல்ல வந்தேன். பாதி வழியில அம்மா செத்துப் போச்சு, தூக்கிக் கடல்ல போட்டுட்டாங்க. யார் யாரோ என்னை வளத்தாங்க. எனக்கு எங்கய்யா அண்ணன் தம்பி?"

இருவத்தஞ்சு வருஷமாப் பக்கத்துலயே கெடந்தேன், எங்கிட்டக் கூடச் சொல்லல. கோவம் வந்துச்சு, அதவிட அழுகைதான் வந்துச்சு. கிராணி பொறப்புக் காயிதம் கேட்டார். புள்ளையே கையில இருக்கையில காயிதம் எதுக்குன்னு இருந்த காலம். பிரசவம் பாத்த கிழவியும் எப்பவோ செத்தாச்சு.

போலீஸ் தொரை விசாரிக்கன்னு பெரட்டுக் களத்துக்கே வந்தான். மருதம்மாக்கா எல்லார் முன்னாலயும் அம்மா செத்தது, கடல்ல போட்டது அம்புட்டையும் சொன்னா. கிராணி இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னார். பரஞ்சோதி கங்காணியப் பாத்துத் தொரை கேட்டான். "இத்தன வருஷம் இந்தியாவுல பெத்தேன்னுதான் சொல்லிச்சு தொரை, லயமே கேட்டிருக்கு"ன்னான் அவன். லயமும் ஆமான்னு தலையாட்டுச்சு. பொய்யின்னு எப்படிச் சொல்ல? அவங்க காதால கேட்டது அதுதானே.

நான் முன்னால போயி, "அந்தம்மா இப்ப சொல்றதுதான் நெசம்"னேன்.

"நீ பாத்தியா?"ன்னு கேக்கச் சொன்னான் தொரை.

பாக்கலையே.

பின்னால ஒருத்தி, "பெத்தவ மகனுக்காகப் பொய் சொல்றா, பாவம்"னா. நெசமாவே எரக்கப்பட்டுத்தான் சொன்னா, அதுதான் எனக்குத் தாங்கல.

பினாங்குல கப்பலேத்துற ஜெட்டிக்கு நானும் அவளும் போனோம். பக்கிரி கையில வெலங்கு. எளச்சிருந்தான், ஆனா சிரிச்சான். "சின்னம்மா, அம்மாவப் பாத்துக்கங்க"ன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, அவ பக்கம் திரும்பினான். "எனக்காக எல்லார் முன்னாலயும் அனாதைன்னு சொன்னியாமேம்மா. எதுக்கும்மா அப்படி?"

"நெசந்தான் சாமி. அங்க நமக்கு யாரும் இல்ல."

காவலுக்கு நின்ன மாத்தா பீடி பத்த வைக்கத் தள்ளிப் போனான். பக்கிரி குனிஞ்சு ரகசியமா, "அவன் போயிட்டாம்மா. இனிமே பயமில்ல, சொல்லு. பெரிய மாமன் வீடு எந்தத் தெரு?"ன்னான்.

அவ என்னையப் பாத்தா. கப்பல் ஊதிடுச்சு. புள்ள வெறுங்கையோட, போக்கிடமும் இல்லாமப் போறான். அவன் மூஞ்சியத் தடவி, "மேலத் தெரு, சாமி"ன்னா.

"மேலத் தெரு"ன்னு அவனும் ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டான். அப்புறம் படியேறிப் போயிட்டான். அந்த ஊர்ல அப்படி ஒரு தெரு இருக்கான்னு கூட அவளுக்குத் தெரியாது.