டேக் ஓவருக்கு நான் எழுதிய ஒரே பதில்

எனக்கு ஏன் லைன் லீடர் வேலை கிடைக்கவில்லை என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. அன்றைக்கு இருந்த கோபத்தில் பாதிதான் சொன்னேன். கோபம் இன்னும் போகவில்லை. எழுதினால் ஒழுங்காக வரும்.

புனே பக்கத்துச் சாகணில் எங்கள் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. அதோடு, லைன் லீடர் ஆக ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும் என்றும் விதி வந்தது. பதினெட்டு வருஷமாகத் தகட்டிலிருந்து பீஸ் அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். சரி, படிப்போம் என்று வகுப்புக்குப் போனேன். ஒரு நாள் முழுக்க 'டேக் ஓவர்'தான். ஒருவர் பொறுப்பை இன்னொருவர் ஏற்பது அது. ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்குவதும் அதுதான். நாட்டை ராணுவம் பிடித்தாலும், பயம் வந்து மனசைப் பிடித்தாலும் அதே சொல்தானாம். நான்கையும் பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன்.

ஷிப்ட் மூன்றுக்கு முடியும், பரீட்சை மூன்றேகாலுக்கு. எங்கள் மெஷினில் ஒரு வழக்கம். அடுத்த ஆள் வந்து, முதல் பீஸைத் தன் கையால் அடித்து, கேஜில் வைத்து அளவு பார்த்துச் சரி என்ற பிறகுதான் முந்தின ஆள் நகரலாம். அன்று மெஷினில் டையை, அதாவது பீஸ் அடிக்கும் அச்சை, மாற்றியிருந்தோம். பீஸ் ஓரத்தில் பிசிறு வந்துகொண்டிருந்தது. அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று நேரில் காட்டினால்தான் புரியும். வர வேண்டியவரோ டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போகச் சொன்னார் சூப்பர்வைசர். நான் போகவில்லை.

மூன்றே முக்காலுக்கு அடுத்த ஷிப்ட் ஆள் ஓடி வந்தார். "அண்ணா, பரீட்சைக்குப் போகலையா?" என்று ஹிந்தியில் பதறினார்.

"முதல்ல பீஸை அடிங்க," என்றேன்.

மூன்றாவது பீஸ்தான் சரியாக வந்தது. நான் போய் உட்கார்ந்தபோது பத்து நிமிஷம் மிச்சம். டேக் ஓவருக்கு எல்லா அர்த்தமும் எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் அர்த்தத்தை மட்டும், எங்கள் மெஷினில் நடக்கிறபடி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். மணி அடித்துவிட்டது.

ரிசல்ட் சொன்ன அதிகாரி, பொறுப்புள்ளவர் நேரத்துக்கு வருவார் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், நான் கேன்டீன்ல டீ குடிச்சிட்டு வரல. மெஷின்கிட்ட நின்னேன்."

அதற்கு மார்க் இல்லை என்றார்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். நானும் மறுபடி ஃபார்ம் போட்டிருக்கிறேன். பரீட்சையை நான்கு மணிக்கு வையுங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். பதில் வரவில்லை. மூன்றேகாலுக்கே வைத்தாலும், அடுத்த ஆள் வரும்வரை மெஷினை விட்டு நகர மாட்டேன்.