வேலைக்குப் போனவன் வீட்டு அரிசி

உறையூர்ச் சுருட்டுத் தொழிலாளர்களுக்கு ஞாயிறுதோறும் அரசியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். புரட்சிக்குப் பின் உற்பத்தியும் விநியோகமும் எப்படி நடக்கும் என்பது அன்றைய பாடம். முன்வரிசையில் நெடிய உருவமாக ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போதும் அவருடைய விரல்கள் முந்தானை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருக்கும்.

"எல்லாம் நம்ம கைக்கு வந்துருச்சுன்னே வெச்சுக்குவோம் சார். மறுநாள் அரிசியை யாரு பங்கு போடுவாங்க?" என்றார்.

"கமிட்டி போடும்" என்றேன்.

அடுத்த மாதமே வேலைநிறுத்தம் வந்தது. உப்பிலியபுரம் விவசாயிகள் அனுப்பிய அரிசியைப் பங்கிடும் பொறுப்பை அவரிடமே விட்டோம். வீட்டுக்கு இவ்வளவு என்று நாங்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து அளந்தார். முதலாளி பக்கம் சேர்ந்து வேலைக்குப் போன ஒருவன் வீட்டுக்கும் அளந்தார். வேலைநிறுத்தம் முடிந்த பிறகுதான் தருவேன் என்று முதலாளி அவன் கூலியையும் நிறுத்திவைத்திருந்ததால் அங்கும் அடுப்பு எரியவில்லையாம்.

"துரோகிக்கும் பங்கா?" என்று கோபப்பட்டேன்.

"புரட்சி வந்துட்டா இவங்கல்லாம் எங்க சார் போவாங்க? இவங்களையும் வெச்சுக்கிட்டுத்தானே நடத்தணும்?"

மூன்றாம் நாள் அவன் வேலைக்குப் போகாமல், நாங்கள் அரிசி மூட்டை இறக்கும் இடத்தில் வந்து தயங்கி நின்றான்.

"வாங்க தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார் அந்த அம்மா.

எனக்கு அப்படிக் கூப்பிட வந்திருக்காது.