மாமி சொன்னாவாம்

இணையத்தில் தருவித்த உடுப்புப் பொதி ஒன்றை மகள் நேற்றுப் பிரித்தாள். புதுத்துணி மணம் மூக்கில் ஏறியதும் நான் அந்தக் காலத்துக் கல்முனைக்குப் போய்விட்டேன். அதுவும் நோன்பு பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

கலியாணம் முடித்த பிறகு வந்த முதல் நோன்பு அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். முதல் பெருநாளுக்கு அவனுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பது மாமியின் உரிமை. தொழுகை முடிந்ததும் எங்கள் ஊர் இறக்காமமே திரும்பிப் பார்க்கும். மாப்பிள்ளையை அல்ல, அவன் போட்டிருக்கும் சேட்டுச் சட்டையை. ஆகவே என் மானம் முழுவதும் அன்று கல்முனையில் ஏதோ ஒரு கடையின் தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இன்னொரு சங்கதி. மாமியும் மருமகனும் அப்போதெல்லாம் நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். மரியாதை. மாமி மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள், மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் இதுதான் முறை. என் மனைவி ஒரு தபால் கந்தோர்; கடிதமெல்லாம் அவள் வழியாகத்தான்.

அன்று மூவரும் உடுப்பு எடுக்கப் போனோம். கல்முனைக்குப் போகும் இறக்காமத்தார் கடலைப் பார்ப்பதில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் அது தன்பாட்டில் இரைந்துகொண்டிருக்கும். நான் மட்டும் ஒருதரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

“உம்மா கேக்கிறா, கடல் வேணுமா, சேட்டு வேணுமா எண்டு” என்றாள் மனைவி.

மாமி வாயே திறக்கவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். பசியில் கவனிக்கவில்லை.

ஐந்தாவது கடையில் அந்தச் சேட்டு வெளியே வந்தது. பளபளக்கும் கத்தரிப்பூ நிறம். கழுத்துப்பட்டியில் பொன்னிற நூல்வேலை. கலியாணப் பந்தலைப் பிரித்துத் தைத்தது போலிருந்தது.

“உம்மாக்கு நல்லாப் புடிச்சிரிக்கி.”

“வெள்ள எடுத்தா நல்லம் எண்டு மாமிட்டச் சொல்லு புள்ள.”

அவள் மாமியின் காதில் ஏதோ குசுகுசுத்தாள். மாமி பெருமூச்சு விட்டுத் தலையசைத்தார். தீர்ந்தது.

மனைவி பக்கத்துக் கடைக்கு வளையல் பார்க்கப் போனாள். மாமியும் நானும் வாங்குப் பலகையின் இரு முனைகளில், நடுவில் சேட்டு. மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்து, அண்ணனை அழைப்பது போல் அழைத்தார்.

“காக்கா, மருமகனுக்குச் சொல்லுங்க. எனக்கிண்டா இது கண்ணக் குத்துது. அவர்தான் ஆசப்பட்டுக் கேட்டதாம் எண்டு மகள் சொன்னா. அதான் பேசாம இரிக்கன்.”

நானும் கடைக்காரரைத்தான் பார்த்தேன். “காக்கா, மாமிக்குச் சொல்லுங்க. மாமிக்குப் புடிச்சிட்டாம் எண்டு சொன்னதாலதான் நானும் பேசாம இரிக்கன்.”

கடைக்காரர் தாடியைத் தடவினார். “அப்ப இது ஆருக்குப் புடிச்ச?”

மூன்று பேரும் வளையல் கடைப்பக்கம் பார்த்தோம். முக்காட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“வெள்ளையக் கட்டுங்க, காக்கா. கெதியா, மகள் வர முந்தி” என்றார் மாமி.

திரும்பி வந்த மனைவி பொதியைப் பிரித்துப் பார்த்தாள். “இது ஆர் எடுத்த?”

“மருமகனுக்கு வெள்ளதான் வேணுமாம்.”

“ஆர் சொன்ன?”

“காக்கா சொன்னார்” என்றார் மாமி.

காக்கா மும்முரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். திரும்பும் பஸ் அக்கரைப்பற்றுக்கு வரும்வரை தபால் கந்தோர் பூட்டியே கிடந்தது.

இப்போது மருமகன்மார் மாமிமாரோடு போனில் நேரே கதைக்கிறார்கள். அந்தப் புடவைக்கடை இருந்த இடத்தில் போன்தான் விற்கிறார்கள். காக்கா இல்லை. மாமியும் மௌத்தாகிவிட்டார். கடைசி நாட்களில், “மருமகனப் போல ஒரு மகன் எனக்கில்ல” என்று மாமி அடிக்கடி சொன்னதாக மனைவி சொல்கிறாள். சரிதானா என்று விசாரிக்க ஆளில்லை.