ஒட்டு மீசை

அமெரிக்காவில் எடன்டேல் ஊர்ச் சலவைக்கடையில் முப்பது வருஷம் சட்டை தேய்த்த ஹெட்டி டோலண்டுக்கு மேலுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு. கேட்டவர்களிடம், "பூனை பிறாண்டிடுச்சு" என்று சொல்லிவிடுவாள். அவள் அம்மா ரூத்தின் கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து வீட்டுக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தழும்பு விழுந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பேசாப் படக் காலம். குழந்தைகளே பெரியவர்களாக வேஷம் கட்டும் சிரிப்புப் படத்தில் அவள்தான் துப்பறிவாளர். தொளதொள கோட்டு, பூதக்கண்ணாடி, கோந்து வைத்து ஒட்டிய மீசை. ஐந்து வயதுத் தங்கை நெல், திருடர்கள் தூக்கிப்போன பணக்கார வீட்டுப் பிள்ளை. அவளை அடைத்த தகரப் பெட்டியின் மேலேயே துப்பறிவாளர் உட்கார்ந்து ரொட்டி தின்பார். உள்ளேயிருந்து மூன்று முறை தட்டும் சத்தம் வரும். அவர் வாசற்கதவைப் பார்த்து, "உள்ள வாங்க" என்பார். அதுதான் சிரிப்பு.

லூயி காமிராவின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான். நடிப்பவர்களுக்கு உற்சாகம் வர பிடில்காரர் வாசித்தார். டைரக்டர் ஹாலிஸ் தகரக் குழலில் கத்தினார்.

"தின்னு, தின்னு! தொப்பைய தடவு!"

மூன்று தட்டு வந்தது. ஹெட்டி கதவைப் பார்த்தாள். நாலாவது தட்டும் வந்தது. பிறகு எண்ண முடியாத தட்டு. எழுந்து பார்த்தாள். அவள் தொப்பென்று உட்கார்ந்த வேகத்தில் பெட்டி மூடியின் கொக்கி வளையத்துக்குள் விழுந்து இறுகியிருந்தது. இழுத்தாள், அசையவில்லை.

"சார், நெல்லுக்கு மூச்சு முட்டுது! கொக்கி மாட்டிக்கிச்சு!"

"அபாரம்டி! இன்னும் பயப்படு!"

பேசாப் படத்தில் யார் என்ன சொன்னாலும் நடிப்புதான்.

"அம்மா, நிஜமா சொல்றேம்மா!"

காமிராவுக்குப் பின்னால் ரூத் கைதட்டினாள். "அப்படித்தான் தங்கமே, விட்டுராத!"

தட்டு மெலிந்தது. அப்புறம் நகத்தால் பிறாண்டும் சத்தம். அதுவும் நின்றது.

அழுதாலும் நடிப்பு, விழுந்தாலும் நடிப்பு. எதைச் செய்தால் லூயியின் கை நிற்கும்? போன வாரம் மீசை நழுவியபோதுதான் நின்றது. இரண்டு கையாலும் மீசையைப் பிடித்துப் பிய்த்தாள். தோலும் சேர்ந்து வந்தது.

கைப்பிடி நின்றது. பிடிலும் நின்றது.

"அடிப்பாவி, பிலிமெல்லாம் பாழாப்போச்சே!" என்றார் ஹாலிஸ்.

வாயெல்லாம் ரத்தமாக ஹெட்டி மெதுவாகத்தான் சொன்னாள். "பெட்டியைத் திறங்க."

லூயி சுத்தியலால் கொக்கியை உடைத்தான். நெல்லின் உதடு நீலம் பாரித்திருந்தது. ரூத் அவளைக் கவிழ்த்து முதுகில் அடித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தாள். நெல் இருமினாள்.

படம் வெளியானபோது மீசை பிய்ந்ததை மட்டும் வெட்டியிருந்தார்கள். ஹெட்டி அலறியது அப்படியே இருந்தது. கொட்டகையே உருண்டு உருண்டு சிரித்தது. நெல்லுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, அங்க என்னன்னு சொல்லிக் கத்துற?"

"ஞாபகம் இல்லடி" என்றாள் ஹெட்டி, உதட்டைத் தடவியபடி.