ரெங்கத்துக் கூரையில் படிந்த கரி

அந்த வருஷம் எல்லா ஊரிலும் ஜெரெபு என்கிற காட்டுத்தீப் புகைமூட்டம் கலைந்த பிறகும், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ரெங்கத்தில் அக்கா வீட்டைச் சுற்றி மட்டும் கலையவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தாலே தொண்டை எரிந்தது. அக்கா மகள் பள்ளிக்கு இன்ஹேலரோடு போய்க்கொண்டிருந்தாள்.

"ஜெரெபுதான் லா. காத்து மாறுனா போயிடும்" என்றாள் அக்கா.

நான் ஸ்கூடாய் நகரில் ஓர் ஆய்வகத்தில் காற்றுத் துகள்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். தூசியை வெள்ளை வடிதாளில் பிடிக்கும் சிறிய பம்ப் ஒன்றை அவள் வீட்டுக் கூரைமேல் வைத்தேன். மறுவாரம் வேறு தாள் மாட்டிவிட்டுப் பழையதை எடுத்தபோது அது கன்னங்கரேலென்று இருந்தது. காட்டுப் புகையாக இருந்தால் பழுப்பேறியிருக்கும்.

ஒரு துண்டை வெட்டிக் கரைத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டேன். மூலக்கூறுகளை எடைபோட்டுக் காட்டும் கருவி அது. நான் தேடியது நைட்ரஜன் உள்ளவற்றை. மரம் எரிந்தால் வரும் நைட்ரோஃபீனால்கள் கொஞ்சம்தான் இருந்தன. ஆனால் எடை நூற்று முப்பத்தாறில் ஒரு கோடு நெட்டுக்குத்தாக நின்றது. பென்சோதயசோல். தூய மாதிரியோடு ஒப்பிட்டேன், அதேதான். டயர் ரப்பரில் சேர்க்கும் ரசாயனத்தின் மிச்சம்.

உடனே அக்காவைப் போனில் அழைத்தேன். "பின்னால செம்பனைத் தோட்டத்துல யாராச்சும் டயர் எரிக்கிறாங்களா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "லோரி வரும், போகும். என்னா ஏத்தி வர்றாங்கன்னு நாங்க கேக்குறதில்ல. நீயும் கேக்காத."

நான் சுற்றுச்சூழல் துறையில் புகார் கொடுத்தேன். அதிகாரிகள் போனபோது தோட்டத்துத் தகரக் கொட்டகையில் பூட்டு தொங்கியது; திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு அக்கா வீட்டெதிரே ஒரு வேன் வந்து நிற்கத் தொடங்கியது. அதிலிருந்து யாரும் இறங்குவதில்லை. ஒருநாள் பம்பின் வயர் அறுபட்டுக் கிடந்தது.

"வந்து கழட்டிட்டுப் போயிடு. புள்ளய வச்சிருக்கேன்" என்று அழுதாள் அக்கா.

பம்பைக் கழற்றினேன். அவளையும் மகளையும் என்னோடு ஸ்கூடாய்க்குக் கூட்டிவந்தேன். பிள்ளைக்கு மூச்சிரைப்பு மெல்லத் தணிந்தது. அக்கா வீட்டுக்காரர் மட்டும் வேலையை விட முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

பம்பில் கடைசியாக இருந்த தாளையும் பரிசோதித்தேன். அதே கோடு, முன்னைவிட உயரமாக. அவருக்குப் போன் செய்தேன்.

"இப்ப வாடையே தெரியலமா, பழகிடுச்சு" என்றார்.

அடுத்த வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிட்டது. அது நிற்கட்டுமென்று போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.