மோதிரம் பெரிதாக்கித் தரப்படும்

அன்று நகைக்கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கல்லாவில் முதலாளி. கவுண்டரில் கவிதா, கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த பெண். வாசலோர நாற்காலியில் சரோஜா ஆன்டி. அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் கணவர் மணியம் அங்கிள். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். ஆன்டியின் காலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான்.

நான் பத்தர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தேவகோட்டையில் ஒரு பட்டறையில் ஊதுகுழல் பிடித்தவன். கடல் கடந்து கிள்ளானுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகப்போகிறது. வந்த புதிதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஊரில் மோதிரத்தைச் சிறிதாக்கத்தான் கொண்டுவருவார்கள். மாமனார் போட்டது விரலில் நிற்கமாட்டேன் என்கிறது, ஒரு துண்டு எடுத்துவிட்டு ஒட்டிக் கொடு என்பார்கள். இங்கே காலையில் ஷட்டரைத் தூக்கினால் வருவதெல்லாம் பெரிதாக்கும் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாத பையன்கள், காப்பு கையில் பதிந்துபோன பெண்கள், விரல் நீலம் பாரித்து ஓடிவருகிறவர்கள். அவர்களுக்காகவே என் மேசையில் ஒரு சின்னச் சக்கர ரம்பம் இருக்கிறது. ஊர்ப் பட்டறையில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஊரை உசத்திச் சொல்லவில்லை. அங்கே விரல் மெலிந்து கிடந்ததற்குக் காரணம், வீட்டுப் பெண்கள் கடைசியில்தான் சாப்பிட்டார்கள், அதுவும் மிச்சமிருந்தால்.

வந்த முதல் மாதம் ஒரு வாடிக்கைக்காரம்மாவிடம், "நல்லாப் பூசினாப்ல இருக்கீங்கம்மா" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டேன். ஊரில் அது வாழ்த்து. அந்தம்மா முகம் கறுத்து, கொடுத்த வளையலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். "அண்ணே, இங்க அப்படியெல்லாம் சொல்லாதீங்க லா. சைஸ் கேட்டாக்கூட மெதுவாக் கேளுங்க" என்றாள் கவிதா. அதற்குப் பிறகு நானும் மற்றவர்களைப் போல, "நாள்பட்டா தங்கம் கொஞ்சம் இறுகும்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். தங்கம் இறுகாது.

சரோஜா ஆன்டியின் மெட்டியை இரண்டு தடவை நான்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். திறப்பில்லாத பழைய மாதிரி மெட்டி. வேலை முடியும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். துறைமுகக் கிடங்கில் கணக்கு வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அவர் வீட்டுக்கு நேரெதிரில்தான் கடைகள். ஆனால் நடுவில் ஓடுகிற சாலையில் கடக்க இடமில்லை. காரை எடுத்து, சுற்றிப் போய்த் திரும்பி வர வேண்டும். "சமைக்கணும்னா நேரம் வேணும் தம்பி. ரொட்டி சானாய்னா பத்து நிமிஷம். இவரு லோரியிலயே சாப்பிட்டு லோரியிலயே தூங்குறவரு, நான் யாருக்குச் சமைக்க?" என்பார். பக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் ரொட்டி போடும் மாமாக் கடையில் டீ சொல்லும்போது மறக்காமல் குராங் மானிஸ், இனிப்பு கம்மி என்பார். அவர்கள் ஊற்றுகிற கெட்டிப் பாலே இனிப்புதான். உடம்பு இப்படிப் பெருப்பதற்கு டாக்டர்கள் என்ன காரணம் சொல்வார்களோ எனக்குத் தெரியாது. உட்கார்ந்து செய்கிற வேலை, நடக்க வழியில்லாத ஊர், எந்நேரமும் திறந்திருக்கும் கடை, அசதி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இது எல்லாமே எனக்கும் இருக்கிறது என்பதுதான் என் பயம்.

அன்று ஆன்டியின் வலது கால் இரண்டாம் விரலில் புண். ஆஸ்பத்திரியில் மெட்டியைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. புருஷன் இருக்கும்போது மெட்டியை வெட்டுவதா என்று தள்ளிப்போட்டிருந்தார். "வெட்டாமக் கழட்டிக் குடு தம்பி. உன்னால முடியும்" என்றார்.

சோப்பு போட்டேன், எண்ணெய் போட்டேன். அசையவில்லை. கடைசியில் நூலை எடுத்தேன். நூலின் ஒரு முனையை வளையத்துக்கு அடியில் நுழைத்து, மீதியை விரலில் நெருக்கமாகச் சுற்றி, உள்முனையைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வந்தால் வளையம் மெல்ல நகரும். சுற்றும்போது உயிர் போகிற வலி வரும். லோரி ஓட்டுகிறவர்களே கத்தியிருக்கிறார்கள்.

"வலிக்குதா ஆன்டி?"

"இல்லப்பா. ஆரம்பிச்சிட்டியா?"

நூல் அதற்குள் சதைக்குள் போயிருந்தது. என் கை நின்றுவிட்டது. மணியம் அங்கிள் எட்டிப் பார்த்தார். "வெட்டிடு தம்பி."

"சும்மா இருங்க. நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப வெட்டுறதா?"

"அதான் நிக்கிறேன்ல? முப்பது வருஷமா நீ போன்னு சொல்லியே போகாதவன். இந்த வெள்ளிக் கம்பிக்கா போயிடப் போறேன்?"

முதலாளி சிரித்தார். ஆன்டியும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரம்பத்தை வைத்தேன். மெட்டி விரிந்தபோது அதற்கடியில் தோல் இல்லை. கவிதா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிள் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போல இருந்தார். தன் காலைக் குனிந்து பார்க்க ஆன்டிக்கு வயிறு இடம் கொடுக்கவில்லை. "கழண்டிருச்சா? அப்பாடா" என்றார்.

முதலில் விரலை எடுத்தார்களாம். பிறகு பாதத்தை.

இரண்டு மாதம் கழித்து அங்கிள் மட்டும் வந்தார். சட்டைப் பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய மெட்டியை எடுத்து வைத்தார். "ஒட்டிக் குடு தம்பி. ஜோடியா இருக்கணும்ங்கிறா."

"என்ன சைஸ் அங்கிள்?"

வாய்ப் பழக்கம். கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவர் என்னைப் பார்க்காமல், "ஏதோ ஒரு சைஸ் போடு லா" என்றார். பற்றவைத்து, பாலீஷ் போட்டுக் கொடுத்தேன். முதலாளி கூலி வாங்கவில்லை. "வா, ரொட்டி சாப்பிடலாம்" என்று அங்கிள் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆளுக்கு இரண்டு ரொட்டி, டீ. அதற்கு மேல் இன்னொன்று. வேறு எப்படி அவரைத் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சாப்பிட்டேன்.

என் கல்யாண மோதிரத்தையும் மனைவி மோதிரத்தையும் ஒரே நாளில், ஒரே தங்கத்தில் நானே செய்தேன். வீடியோ காலில் அவள் கையைப் பார்க்கிறேன். மோதிரம் கழன்று விழாமலிருக்க அடியில் நூல் சுற்றியிருக்கிறாள். "வந்து சின்னதாக்கிக் குடுங்க" என்கிறாள். அம்மா என் முகத்தைப் பார்த்து, "உடம்பு வச்சிருக்கு, நல்லாத்தான் இருக்க" என்று சந்தோஷப்படுகிறாள். என்னைப் போல வந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராது.

போன வாரம் என் மோதிரம் கழலவில்லை. சோப்புக்கு வரவில்லை. அதே நூலை எடுத்துச் சுற்றினேன். வலித்தது. வலிக்கிறதே என்று அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதி அன்று மாலைவரைகூட நிற்கவில்லை. அடுத்த மாதம் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை இருந்தால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். இல்லாவிட்டால் இங்கேயே இருந்து அது வரும்வரை காத்திருக்க வேண்டுமே என்றும் பயம்.

மோதிரத்தை வெட்டிப் பெரிதாக்கினேன். மனைவி மோதிரத்தில் வெட்டி எடுக்க வேண்டிய துண்டு இதற்குச் சரியாக இருந்திருக்கும். அது அங்கே அவள் விரலில் இருக்கிறது. அதனால் முதலாளியிடம் கிள்ளான் தங்கம் ஒரு துண்டு கடன் வாங்கி இடையில் வைத்து ஒட்டினேன். கொஞ்சம் சிவப்பு கூடின தங்கம். ஒட்டு எங்கே இருக்கிறதென்று வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அந்தத் துண்டுக்கு நான் இன்னும் தர வேண்டியது நூற்று எண்பது ரிங்கிட்.